நாக்கைச் சுழற்றும் பசு: படுவான்கரைக் கொட்டில் ஒன்றில் கண்டது

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், இரண்டு கறவைப் பசுக்களும் இன்னும் கன்று போடாத ஒரு நாகும் இரண்டு கன்றுகளும் கட்டி வளர்க்கும் வீடு. என்னைக் கூப்பிட்டுக் காட்டிய மாடு ஜேர்சிக் கலப்பு, தலையீற்று, கன்று போட்டு ஐந்து மாதம். நன்றாகத் தின்கிறது, பால் குறையவில்லை, சாணமும் ஒழுங்கு. ஆனால் பகலில் வாயைப் பாதி திறந்து, நாக்கை வெளியே நீட்டி, ஒரு பக்கம் வளைத்து, மேலண்ணத்தில் சுருட்டி உள்ளே இழுத்து, மறுபடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைப் போலவே இருக்கும். எச்சில் நூலாக வடிந்து தொட்டியின் விளிம்பு எந்நேரமும் ஈரம்.

"ஆரும் வந்தாப் பாத்திட்டு விசர் மாடு எண்டு சொல்றாங்க டொக்டர்" என்றார் மாடுகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. குரலில் கவலையைவிட வெட்கம் அதிகம். நாவூறு என்று வேப்பிலை கட்டியிருந்தார்கள். நாக்கடியில் புழு என்று அயலில் ஒருவர் சொன்னதால் உப்பும் மஞ்சளும் சேர்த்துத் தேய்த்திருந்தார்கள். மூக்கணாங்கயிற்றை இறுக்கிக் கட்டினால் நாக்கு அடங்கும் என்று இன்னொருவர் சொன்னபோது மட்டும் அக்கா மறுத்துவிட்டார். அவர் மறுத்தது மிக நல்லது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் விலக்க வேண்டியவை

வாய் சம்பந்தப்பட்ட எந்த முறைப்பாட்டிலும் முதலில் நினைக்க வேண்டியது நீர்வெறுப்பு நோயை. விசர் என்று ஊரார் சொன்னதை அலட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது. எங்கள் பகுதியில் தெருநாய் கடித்து மாடு இறப்பது நடக்கிற விஷயம். வழமைக்கு மாறான கதறல், விழுங்க முடியாமை, பின்னங்கால் தளர்ச்சி, திடீர் மூர்க்கம் ஆகியவற்றில் ஒன்றாவது இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்த பிறகுதான் வாய்க்கருகே போக வேண்டும். அதுவும் கையுறையோடு. எச்சில் வடிகிற மாட்டின் வாய்க்குள் வெறுங்கையை விடும் பழக்கம் எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறது. தொண்டையில் மாங்கொட்டை சிக்கியிருக்கும் என்று தேடிக் கையை விடுவார்கள். உயிரைப் பணயம் வைக்கிற வேலை அது.

இந்த மாட்டில் அப்படி எதுவும் இல்லை. காய்ச்சல் இல்லை. காலிலும் வாயிலும் வரும் கால்-வாய் நோயென்றால் நாக்கிலும் ஈறிலும் கொப்புளம் இருக்கும், குளம்பிடுக்கில் புண் இருக்கும், பக்கத்து மாடும் தப்பாது. நாக்கு மிருதுவாக இருந்தது. மரம் போல விறைக்கும் நாக்கு நோய் இல்லை. பல்லிடுக்கில் கம்பியோ முள்ளோ இல்லை. கன்று போட்ட முதல் வாரங்களில் வருகிற கீட்டோசிஸ் நோயில் சில மாடுகள் சுவரையும் குழாயையும் நக்கித் தள்ளும். ஆனால் இவளுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது, மூத்திரப் பரிசோதனையும் சுத்தம். ஈய நஞ்சு ஏறும்படி பழைய பற்றரி, பெயின்ற் வாளி எதையும் நக்கக்கூடிய இடத்தில் அவள் கட்டப்படவில்லை. பொசுபரசுக் குறை இருக்கும் மாடு எலும்பையும் துணியையும் தேடி மெல்லும். இவள் எதையும் மெல்லவில்லை, நாக்கு வெறும் காற்றில் சுழன்றுகொண்டிருந்தது.

துப்பு கொடுத்தது வேறொன்று. அக்காவின் மகள் ஒரு பிடி புல்லோடு கொட்டிலுக்குள் வந்ததும் அந்தச் சுழற்சி அப்படியே நின்றது. நாக்கு புல்லைச் சுற்றிப் பிடித்தது, இழுத்தது, மென்றது. புல் முடிந்தது. சிறிது நேரத்தில் அதே நாக்கு, அதே வளைவில், ஒன்றுமில்லாத இடத்தைச் சுற்றத் தொடங்கியது. நரம்பு நோய் ஒரு பிடி புல்லுக்காக நின்று, புல் முடிந்ததும் திரும்பி வராது.

கொட்டிலில் ஒரு பகல்

அதற்குப் பிறகு நான் பார்த்ததெல்லாம் அவளுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதைத்தான். மகள் உயர்தரம் படிக்கிற பிள்ளை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கொட்டிலைப் பார்த்து, தின்னுதல், அசைபோடல், படுத்தல், சும்மா நிற்றல், நாக்கு என்று ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு கோடு போடச் சொன்னேன். செலவில்லாத முறை. மாட்டைப் பற்றி ஒரு வீட்டுக்காரர் சொல்வதற்கும் மாடு உண்மையில் செய்வதற்கும் உள்ள தூரத்தை இதைப்போல வேறெதுவும் காட்டாது.

அதிகாலை பால் கறக்கும்போது கடைத் தீன் இரண்டு கிலோ. கால் மணி நேரத்தில் தொட்டி காலி. காலை ஏழு மணிக்கு கோ-3 புல், இயந்திரத்தில் விரல் நீளத்துக்கு வெட்டியது, பத்துக் கிலோ. அதுவும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். பிறகு பின்னேரம் வரை ஒன்றுமில்லை. மாலையில் மறுபடி அதே அளவு தீன், அதே அளவு புல். இரவில் தொட்டி வெறுமை. தண்ணீர் இரண்டு நேரம், வாளியில். கழுத்துக் கயிறு இரண்டு முழம். படுக்கலாம், எழும்பலாம், ஆனால் திரும்பவோ பக்கத்து மாட்டை நக்கவோ தன் முதுகைத் தானே சொறியவோ முடியாது. மேலே தகரக் கூரை, கச்சான் காற்று அனலாக வீசும் மாதம்.

கணக்கைப் பாருங்கள். மார்பளவு நாடாவில் அவள் 300 கிலோ அளவில் வந்தாள். கறவை மாட்டுக்கு உடல் எடையில் ஏறத்தாழ 3 சதவீதம் உலர்பொருள், அதாவது தண்ணீர் நீங்கிய தீனி, வேண்டும். இவளுக்கு நாளுக்கு 9 கிலோ. இருபது கிலோ பச்சை கோ-3இல் பெரும்பகுதி தண்ணீர். உலர்பொருள் 4 கிலோ கூட வராது. தீனில் மூன்றரைக் கிலோ. தேவைக்குக் குறைவு என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய விஷயம் நேரம். இவள் ஒரு நாளில் தின்பதற்குச் செலவழித்தது இரண்டரை மணி நேரம்தான்.

மேய்ச்சலில் ஒரு மாடு எட்டு ஒன்பது மணி நேரம் மேயும். பிறகு ஏழெட்டு மணி நேரம் அசைபோடும். மாட்டுக்கு மேல் தாடையில் முன்பற்கள் கிடையாது. புல்லை நாக்கால் வளைத்துப் பிடித்து, கீழ்ப் பற்களுக்கும் மேலுள்ள தடித்த ஈறுக்கும் நடுவே கொடுத்து, தலையை அசைத்து அறுக்கிறது. இந்த அசைவு ஒரு நாளில் பல்லாயிரம் தடவை நடக்கும். பல இலட்சம் ஆண்டுகளாக இதைச் செய்து உருவான உடம்பு அது. விரல் நீளத்தில் வெட்டிய புல்லில் நாக்குக்கு வேலையே இல்லை, உதட்டால் அள்ளி விழுங்கினால் போதும். வயிறு ஓரளவு நிரம்பலாம். மேயவேண்டும் என்ற உந்துதல் நிரம்பாது. நாக்கு சுழல்வது அந்த மிச்ச மணிநேரங்களில்தான். மகள் போட்ட கோடுகளும் அதையே சொல்லின. காலைத் தீனி முடிந்து ஒரு மணி நேரத்தில் தொடங்கி, மாலைக் கறவைக்கு முந்திய நேரம் வரை, கோடுகளில் ஏறக்குறைய பாதி "நாக்கு" என்ற வரிசையில் விழுந்திருந்தன.

ஸ்வீடனில் இங்ரிட் ரெட்போ 1990ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் கட்டி வளர்த்த நாகுகளை இப்படித்தான் கவனித்தார். குளிர்காலம் முழுவதும் கட்டப்பட்டு நாக்குச் சுழற்றியவை, மேய்ச்சலுக்கு விட்டதும் அதைக் கைவிட்டன. மறுபடி கட்டியதும் தொடங்கின. தீனியைக் குறைத்தாலும் கூடியது. நோய் இப்படி வேலியைத் தாண்டும்போது நின்று, திரும்பும்போது வராது.

இதே வேர் பல விலங்குகளில் பல உருவம் எடுக்கிறது. ஒடுங்கிய கம்பிக் கூண்டில் நிற்கும் சினைப்பன்றி கம்பியைக் கடிக்கும். இறகு கொத்தும் முட்டைக் கோழியில், மண்ணைக் கிளறிக் கொத்த வேண்டிய அலகு பக்கத்துக் கோழியின் முதுகில் இறங்குகிறது. மிருகக்காட்சிசாலைகளில் பரந்து திரியும் ஊனுண்ணிகள்தான் அதிகம் முன்னும் பின்னும் நடக்கின்றன என்று ரோஸ் கிளப்பும் ஜோர்ஜியா மேசனும் 2003இல் எழுதினார்கள். ஊர்வலத்துக்குக் கொண்டுவந்து சங்கிலியில் நிறுத்திய யானை ஒரே தாளத்தில் உடம்பை ஆட்டும்போது, மேளத்துக்கு ஆடுகிறது என்று பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுகிறோம். மேளம் நின்ற பிறகும் அது ஆடிக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.

பேசாமல் நின்றவள்

இந்த வீட்டில் எனக்கு அதிகம் கவலை தந்தது நாக்குச் சுழற்றியவள் அல்ல, பக்கத்தில் நின்ற சாகிவால் கலப்புப் பசு. அவள் எந்தக் கூத்தும் செய்யவில்லை. தலையைத் தாழ்த்தி, காதைத் தொங்கவிட்டு, சுவரைப் பார்த்து நிற்பாள். ஆள் வந்தாலும் தலை திரும்பாது. "இவள் தங்கமான மாடு, ஒரு கரைச்சலும் இல்லை" என்றார் அக்கா. மகளின் தாளில் அவளுக்கு நேரே விழுந்த கோடுகளில் பெரும்பாலானவை "சும்மா நிற்றல்". விலா எலும்பு தெரிந்தது. அவள் பட்டியில் பிறந்து, பெருவெளியில் மேய்ந்து வளர்ந்தவள். மூன்று வயதுக்குப் பிறகே கட்டப்பட்டவள்.

நெதர்லாந்தில் வீப்கெமாவின் குழு 1987இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த இடத்தில் முக்கியம். இறைச்சிக்காகத் தனிப் பெட்டிகளில் பால் மட்டும் கொடுத்து வளர்த்த கன்றுகளின் வயிற்றை அறுத்துப் பார்த்தார்கள். நாக்குச் சுழற்றும் பழக்கம் வந்த கன்றுகளின் வயிற்றில் புண் இல்லை. அந்தப் பழக்கம் வராதவற்றில் புண்களோ ஆறிய தழும்புகளோ இருந்தன. ஜோர்ஜியா மேசனும் நவோமி லேதமும் 2004இல் பல ஆய்வுகளைத் திரட்டிச் சொன்னதும் இதற்குக் கிட்டியதே. ஒரு கொட்டிலில் இந்தப் பழக்கம் தெரிந்தால் அந்தக் கொட்டில் சரியில்லை என்பதற்கு அது சாட்சி. ஆனால் அதே கொட்டிலுக்குள், செய்கிற விலங்கைவிடச் செய்யாத விலங்கு மோசமான நிலையில் இருக்கலாம்.

மூக்கணாங்கயிற்றை இறுக்காதது நல்லது என்று சொன்னது இதற்காகத்தான். சில நாடுகளில் மாட்டின் வாயில் வளையம் மாட்டுவார்கள், குதிரை மரத்தைக் கடித்துக் காற்று விழுங்காமல் இருக்கக் கழுத்தில் பட்டி இறுக்குவார்கள். நாக்கு நின்றுவிடும். ஏக்கம் எங்கும் போவதில்லை. தன்னால் முடிந்த ஒரே வழியில் சமாளித்துக்கொண்டிருக்கும் உயிரிடமிருந்து அந்த வழியையும் பறிப்பதை நான் வைத்தியம் என்று சொல்ல மாட்டேன்.

கன்றுகள்

இரண்டு கன்றுகளும் ஒன்றின் காதையும் தொப்புளையும் மற்றது சப்பிக்கொண்டிருந்தன. தாயிடம் விடாமல் வாளியில் பால் வைக்கச் சொன்ன ஒரு பயிற்சி வகுப்பின் விளைவு. எங்கள் ஊர் வழக்கம் கன்றை முதலில் விட்டு, மடி சுரந்த பிறகு கறப்பது. கடைசியில் மறுபடி விடுவது. வாளியில் கன்று சில நிமிடத்தில் பாலைக் குடித்து முடித்துவிடும். ஆனால் பாலின் சுவை நாக்கில் பட்டதும் எழும் சப்பும் ஆசை இன்னும் பத்து நிமிடமாவது அடங்காது. அந்த நேரத்தில் வெறும் முலைக்காம்பு ரப்பரைச் சப்பக் கொடுத்தாலே கன்றின் இரத்தத்தில் இன்சுலின் உயர்கிறது என்று கனடாவில் டி பாசிலேயும் மற்றவர்களும் 1993இல் காட்டினார்கள். அந்தச் சப்பல் செரிமானத்தோடு சேர்ந்த வேலை. தொப்புளைச் சப்பினால் தொப்புள் பழுக்கும். வளர்ந்த பிறகு ஒன்றின் மடியை மற்றது சப்பும் பழக்கமாகவும் மாறலாம், அதனால் மடிவீக்கம் வரும்.

நாக்குச் சுழற்றும் பசுவும் வாளிப் பாலில் வளர்ந்து, கன்றிலிருந்தே கட்டி வைக்கப்பட்டவள் என்பது விசாரித்தபோது தெரிந்தது.

ஏன் கட்டினார்கள்

இந்தக் குடும்பத்தைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களுக்குப் பட்டி இருந்தது. பெரும்போகம் தொடங்கினால் வயல் நிலத்தில் மாடு நிற்க முடியாது. மேற்கே மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோவார்கள். 2022 டிசம்பரில் மண்டூஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் திறந்தவெளியில் நின்ற ஏராளமான மாடுகள் விறைத்துச் செத்தன. அவர்களுடைய பட்டியும் தப்பவில்லை. அடுத்த ஆண்டு மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைகளில் பயிர் செய்ய வந்தவர்களோடு இருந்த பிரச்சினை முற்றி, செப்டம்பரில் பண்ணையாளர்கள் வீதிக்கு இறங்கினார்கள். மிஞ்சியதை விற்று, கடன் வாங்கி, கொட்டில் போட்டார்கள். "மேய விட எங்க டொக்டர் இடம் இருக்கு?" என்று வீட்டுக்கார அண்ணன் கேட்டார். அந்தக் கேள்விக்கு என் மருந்துப் பெட்டியில் பதில் இல்லை.

ஆனால் கட்டி வளர்ப்பதை முன்னேற்றம் என்று சொல்லி விற்பவர்களிடம் எனக்குக் கோபம் உண்டு. புல்வெட்டும் இயந்திரம், கலப்பின மாடு, தீன் பை எல்லாவற்றையும் பட்டியலிடுகிறார்கள். மேய்ச்சலில் மாட்டுக்குக் கிடைத்த எட்டு மணி நேர வேலையை இனி எது கொடுக்கும் என்று ஒருவரும் சொல்வதில்லை. வைக்கோல் போட்டால் பால் குறையும் என்றும் இவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அதனால் சிறுபோக அறுவடை முடிந்து, இயந்திரம் வரிசை வரிசையாகத் தள்ளிவிட்டுப் போன வைக்கோல், வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் எரிந்துகொண்டிருந்தது.

மாற்றியவை

முதல் வேலை அந்த வைக்கோலைக் காப்பாற்றியது. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிப் போர் போட்டார்கள். செலவு வாடகையும் கூலியும்தான். தொட்டியில் எந்நேரமும் நீள வைக்கோல் இருக்க வேண்டும் என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். அதிலும் இரவில். வெயிலில் மாடு நார்த்தீனியைத் தவிர்க்கும், பொழுதுபட்டுச் சூடு இறங்கிய பிறகுதான் ஆசையாகத் தின்னும். இருட்டில் தொட்டியை வெறுமையாக விடுவது எங்கள் கொட்டில்களில் பரவலாக இருக்கும் வீண் பட்டினி.

கோ-3இல் பாதியை வெட்டாமல் முழுசாகக் கொடுத்தார்கள். கதியாலிலிருந்து கிளிசிரிடியாக் கொப்புகளை முறித்து, ஒரு நாள் வாடவிட்டு, தலை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். கொப்பை இழுத்து இலையை உருவ நாக்கு உண்மையாகவே வேலை செய்ய வேண்டியிருந்தது. தீனை ஒரே மூச்சில் கொட்டாமல் நான்காகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் வைக்கோலோ புல்லோ தின்ற பிறகு வைத்தார்கள். அரைப் பீப்பாய் தண்ணீர் எந்நேரமும். கறவைப் பசு கச்சான் காலத்தில் 50 லீற்றரைத் தாண்டிக் குடிக்கும், தண்ணீர் குறைந்தால் தின்பதும் குறையும். உப்புக் கட்டியும் வைத்தார்கள்.

கயிறு விஷயத்தில்தான் கொஞ்சம் இழுபறி. அவிழ்த்தால் மரக்கறித் தோட்டத்துக்குள் போகும் என்று அண்ணன் தயங்கினார். நியாயம்தான். கடைசியில் கொட்டிலுக்குப் பின்னால் புளியமர நிழலில் கதியால் வேலி அடைத்து ஒரு முற்றம் எடுத்தார்கள். காலைக் கறவையிலிருந்து மாலைக் கறவை வரை மூன்றும் அங்கே அவிழ்ந்து நிற்கும். ஒரு மரக்குற்றியில் தும்புக் கயிற்றைச் சுற்றி நட்டோம், முதுகு சொறிய. வசதிக்காக வைத்த அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். கனடாவில் 2018இல் வெளியான ஆய்வில், புதுத் தீனியை அடைய எவ்வளவு எடையைத் தள்ளினவோ ஏறத்தாழ அவ்வளவு எடையைப் பசுக்கள் சொறியும் தூரிகையை அடையவும் தள்ளின.

கன்றுகளைப் பழைய வழக்கப்படி கறவைக்கு முன்னும் பின்னும் தாயிடம் விட்டார்கள். காது சப்பல் ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் நின்றது. இந்த வீட்டில் மிக விரைவாகக் கிடைத்த பலன் அதுதான்.

ஆறு வாரத்துக்குப் பின்

மகள் மறுபடி தாள் எடுத்தாள். ஜேர்சிக் கலப்பின் கோடுகளில் பாதியாக இருந்த "நாக்கு" பத்தில் ஒன்றளவுக்கு இறங்கியிருந்தது. அசைபோடும் நேரம் தெளிவாகக் கூடியிருந்தது. மீதிச் சுழற்சி மாலைக் கறவைக்கு முந்திய அரை மணி நேரத்தில் குவிந்திருந்தது. பால் அளவில் பெரிய மாற்றமில்லை. சேகரிப்பு நிலையத்தில் கொழுப்பு ஏறியது, நார்த்தீனி கூடினால் ஏறவே செய்யும், கொழுப்பைப் பார்த்து விலை போடுவதால் கையில் வருவதும் கொஞ்சம் கூடியது. அண்ணனின் தயக்கத்தைத் தீர்த்தது என் விளக்கம் அல்ல, அந்தத் துண்டுச் சீட்டு.

சாகிவால் கலப்பு முற்றத்துக்கு விட்ட முதல் நாட்களில் மூலையில்தான் நின்றாள். பிறகு குற்றியில் கழுத்தை உரசத் தொடங்கினாள், நாகின் நெற்றியை நக்கினாள், ஆள் வந்தால் காது திரும்பியது. பட்டியில் வளர்ந்த மாடு வெளியை மறக்கவில்லை போலும்.

நாக்குச் சுழற்சி முற்றாக நிற்குமா என்று அக்கா கேட்டார். நிற்காமல் போகலாம் என்றே சொன்னேன். கூண்டில் வளர்த்த சிறு எலியினம் ஒன்றில் 1996இல் கூப்பர், ஓட்பெர்க், நிக்கல் மூவரும் கண்டது இது: இளம் வயதில் கூண்டை வளமாக்கினால் திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கம் நன்றாகக் குறைந்தது, வயதேறியவற்றில் அப்படிக் குறையவில்லை. நெடுநாள் ஓடிய அசைவு மூளையில் தடம் பதித்துவிடுகிறது, தூண்டிய காரணம் போன பிறகும் அந்தத் தடத்தில் ஓடும். ஆகவே மிச்சமிருக்கும் அந்த அரை மணி நேரத்துக்காக யாரும் அவளை அடிக்கவோ வாயைக் கட்டவோ வேண்டாம் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன்.

இனி மாரி. முற்றம் சேறாகாமல் மணல் பரப்ப வேண்டும், வைக்கோற் போரின் மேல் கிடுகு வேய வேண்டும், வாடைக் காற்றுப் பக்கம் சாக்குப் படங்கு கட்ட வேண்டும். போட்டிருக்கிற போர் பெரும்போக அறுவடை வரை போதாது, இன்னும் ஒரு பெட்டியாவது வேண்டும் என்று கணக்குப் பார்த்திருக்கிறோம். நாகு சினையாக இருக்கிறது. அதன் கன்றை வாளிக்குப் பழக்காமல் தாயிடமே விடுவதென்றும், இரண்டாம் வாரத்திலிருந்து நீளப் புல்லை அதன் முன்னால் தொங்கவிடுவதென்றும் அக்கா முடிவெடுத்துவிட்டார்.